அம்மாவின் சாவைச் சொன்ன செபம்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, முப்பத்தேழு வயதில், என் வயிற்றில் முதல் பிள்ளை தங்கியது. அது 1991. ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது. பிறகு முகமும் வீங்கியது. குருநகரில் எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் சந்தோஷம். "முகம் பூரிச்சுக் கிடக்கு, பொம்பிளைப் பிள்ளைதான்" என்றார்கள். எனக்கோ ஓயாத தலையிடி. பிள்ளை தங்காதோ என்று பயந்தேன். "ஆண்டவரே, எனக்கு என்ன எண்டு காட்டும்." வேறு செபம் என் வாயில் வரவில்லை.

முதல் கிளினிக்கில் மிட்வைஃப், "அம்மாவுக்குப் பிரசர் இருந்ததோ?" என்று கேட்டிருந்தார். என்னை வளர்த்த பெரியம்மா முந்திக்கொண்டு, "இல்லை, என்ரை தங்கச்சி காய்ச்சலிலை போனவள்" என்றார். எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள். பிறகு சண்டை, ஷெல்லடி. அடுத்த கிளினிக்குக்குப் போக முடியவில்லை.

நவம்பர் வந்தது. மரித்த ஆத்துமாக்களின் மாதம். பொழுதுபடும் நேரம் வீட்டில் கூடி, எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுவோம். அன்று பெரியம்மா "ரெஜினா" என்று என் அம்மாவின் பெயரைச் சொன்னபோது, என்னால் முழந்தாளில் இருக்க முடியவில்லை.

"கண்ணுக்குள்ளை மின்னி மின்னித் தெரியுது, பெரியம்மா."

பெரியம்மாவின் கையில் செபமாலை அப்படியே நின்றது.

"கொம்மாவும் இதைத்தான் சொன்னவள், பிள்ளை. நீ பிறந்த அண்டைக்கு வலிப்பு வந்து போனவள். பிள்ளைத்தாச்சிக்கு முன்னாலை உந்தச் சாவைக் கதைக்கக் கூடாதெண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்."

என் கணவர் செபம் முடியும்வரை நிற்கவில்லை. "மிச்சச் செபத்தைப் புனித அந்தோனியார் சொல்லி முடிப்பார், நீ ஏறு" என்று சைக்கிளில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் அம்மா போன விதத்தைச் சொன்னோம். டொக்டர் பிரசரை இரண்டு தரம் பார்த்தார். "பிந்தின வயசு, முதல் பிள்ளை. அம்மாவுக்கும் வந்திருக்கு. இதைச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். வலிப்பு வராமல் ஊசி போட்டார்கள். மறுநாள் ஒப்பரேஷன். மாதம் முந்திப் பிறந்த என் மகள் கோழிக்குஞ்சு போல இருந்தாள். ஆனாலும் அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன்.

பெரியம்மாவில் எனக்குக் கோபமில்லை. பாசத்தால் மூடிய வாய் அது. அதை அந்தச் செபத்தில் ஆண்டவர் திறந்தார்.

சகோதரிகளே, அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் அம்மாவின் பேறுகாலத்தில் என்ன நடந்தது என்று வீட்டாரிடமும் கேளுங்கள். முகம் வீங்கினால், தலையிடித்தால், பூரிப்பு என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போதும் நவம்பரில் அம்மாவின் பெயரைச் சொல்கிறோம். எப்படி இறந்தார் என்பதையும் சொல்கிறோம். பக்கத்தில் இருந்து என் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவளிடம் ஒரு மிட்வைஃப் கேட்டால், அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும்.