அவர் வேலைக்கு வராத நாள்

ரப்பர் ஸ்டோரிலிருந்து ஷீட்டுகள் களவுபோன காலையில் என் கணவர் கீழ்ப்பிரிவில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தின் வரவுப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. நாங்கள் செக்ரோல் என்று சொல்லும் அந்தப் பதிவேட்டின்படி அன்று அவர் வேலைக்கு வரவில்லை. அவருடைய தங்கையின் கணவர் வந்திருந்தார்.

உண்மையில் தங்கையின் கணவர் முதுகுவலிக்காகக் கரவனெல்ல ஆஸ்பத்திரியின் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதுகினால் அவர் ஏற்கெனவே பல நாள் வராமல் இருந்தவர். இன்னும் சில நாள் தவறினால் அவரைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. பதிவில் பேர் இல்லாதவருக்கு லயத்தில் குடியிருக்க ஒரு காம்புரா அறையும் இல்லை. என் கணவருக்கோ அந்த வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு நாள் வராதவராக இருப்பதற்கு அவருக்கு வசதி இருந்தது. ஆகவே மேல்பிரிவில் தன் மரங்களை விட்டுவிட்டுக் கீழே போய் மச்சானின் மரங்களை வெட்டினார். கங்காணி மச்சானின் பேரைப் போட்டார்.

இதற்கு எங்களிடம் ‘பேருக்கு நிற்பது’ என்று சொல்வார்கள். பிள்ளைப்பேற்றுக்கும் காய்ச்சலுக்கும் சாவு வீட்டுக்கும் இப்படி ஒருவருக்கு ஒருவர் நிற்பது எங்கள் தோட்டத்தில் வழக்கம். மரம் வெட்டப்படுகிறது, பால் வந்து சேர்கிறது, ஒரு பேரும் விழுகிறது. இதில் பொய் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நானும் நினைத்ததில்லை.

காவற்காரர் தூரத்திலிருந்து, நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் மூட்டையோடு போவதைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் நீலச் சட்டை இல்லாத வீடு கிடையாது. பொலிஸார் அறிவியல் முறைப்படி நடந்துகொண்டார்கள்: செக்ரோலை வாங்கி, அன்று வேலைக்கு வராதவர்கள் யார் என்று பார்த்தார்கள். மூன்று பேர் வரவில்லை. ஒருவர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அம்மா. இன்னொருவர் மூன்று நாள் முன்பு பிள்ளை பெற்றவர். மூன்றாமவர் என் கணவர்.

அவர் வேலையில் இருந்ததாகச் சொன்னார். எங்கே என்று கேட்டபோது சொல்லவில்லை. சிங்களத்தில் எழுதப்பட்ட அவருடைய வாக்குமூலத்தைப் பின்னர் நான் வாசித்தேன். ‘வேலையில் இருந்தேன். எங்கே என்று சொல்லமாட்டேன்’ என்று அதில் இருந்தது. அது முற்றிலும் சரியான வாக்குமூலம். இதைவிட மோசமான ஒன்றை பொலிஸாராலும் எழுதியிருக்க முடியாது.

தோட்டம் அரசாங்கத்துடையது. அதனால் ஷீட்டும் பொதுச்சொத்து, அதனால் பிணை எளிதில் கிடைக்காது என்று எங்கள் வழக்கறிஞர் விளக்கினார். பதினான்கு நாளுக்கு ஒருமுறை விளக்கமறியல் நீடிக்கப்பட்டது.

முதல் முறை சிறைக்குப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பேசிய முதல் விஷயம் மச்சானைப் பற்றியது.

“மச்சான் பேர வெளிய எடுத்துராத. காம்புரா போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு தங்கச்சி எங்க போவா?”

“நீங்க இங்க இருக்கீங்களே.”

“செய்யாததுக்கு எத்தன நாளைக்கு வச்சிருப்பாங்க?”

இந்தக் கேள்விக்கான பதிலை நான் படித்திருந்தேன். சரி என்றேன். நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்பவள். எந்தத் திட்டத்திலும் யாருக்கு என்ன பாதிப்பு வரும் என்று முதலில் எழுதிப் பார்ப்பது என் தொழில். அன்றிரவு ஒரு தாளின் நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் என் கணவர். மறுபக்கம் அவருடைய தங்கை, தங்கையின் கணவர், இரண்டு பிள்ளைகள், பொய்ப் பேர் போட்ட கங்காணி, அவருடைய குடும்பம், இனிமேல் பேருக்கு நிற்க முடியாமல் போகும் முழுத் தோட்டம். ஒருவருக்கு எதிராக இத்தனை பேர். தாளை மடித்து வைத்தேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்ற நிம்மதியும் எனக்கு இருந்தது.

மச்சானின் பேர் வராமல் எதைச் செய்யலாமோ அதையெல்லாம் செய்தேன். மனு எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லா அலுவலகங்களுக்கும், பிறகு தெரியாத அலுவலகங்களுக்கும் எழுதினேன். எல்லாரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். என் கடிதம் உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டிருப்பதாகத் தெரிவித்தார்கள். அனுப்பப்பட்ட இடம் எப்போதும் என் கணவரைக் கைது செய்த அதே பொலிஸ் நிலையம். அங்கே கோப்பு வைத்திருந்த சார்ஜன்ட் என் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணும் நிலைக்கு வந்தார். ஒரு நாள், என் சிங்களம் வரவர நன்றாகிறது என்றார். அவர் கேலி செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

சிறை வாசலில் வரிசை நீளம். கொண்டுபோகும் சோற்றில் ஒரு வாய் நாமே காவலர் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒரு வருடத்துக்குக் கிட்ட, என் சமையலைச் சந்தேகத்துக்குரியவள்போல நான் ருசி பார்த்திருக்கிறேன். வரிசையில் பெரும்பாலும் பெண்கள். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களில் பலர் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. கையில் இருந்த கடதாசிகளை என்னிடம் நீட்டினார்கள். வழக்குத் தவணைக்குப் போகத் தவறியதால் உள்ளே இருப்பவர், பிணை கிடைத்தும் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் இருப்பவர், பிணை கிடைத்ததே தெரியாமல் இருப்பவர் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். என்ன கேட்க வேண்டும், எந்த அலுவலகத்தில், எந்த நாளில் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கு முன்னால் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். வரிசையில் இருந்தவர்கள் கையெழுத்திட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சிலர் வெளியே வந்தார்கள். வரிசையில் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். என் கணவர் உள்ளேயே இருந்தார்.

பத்தாவது மாதத்தில், மாவனல்லையிலிருந்து தன் மகனைப் பார்க்க வரும் ஓர் அம்மாவிடம் என் புதிய மனுவை வாசிக்கக் கொடுத்தேன். துணிக்கடை வைத்திருந்தவர், சிங்களம் நன்றாக வாசிப்பார். பிழை இருந்தால் சொல்லச் சொன்னேன். மூன்று பக்கத்தையும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“பிழ ஒன்டும் இல்ல புள்ள. ஆனா ஒங்கட ஊட்டுக்காரர் அன்டைக்கு எங்க இருந்தார் என்டு ஒரு எடத்துலயும் இல்லயே.”

அது சொல்ல முடியாத விஷயம் என்றேன்.

“அப்ப இது என்னத்துக்கு?” என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

அடுத்த ஞாயிறு கீழ்ப்பிரிவுக்குப் போனேன். நாத்தனார் தேநீர் ஊற்றினார். அவருடைய கணவர் முதுகுக்குத் தலையணை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மழையைப் பற்றிப் பேசினேன். மழை நாளில் பால் வெட்ட முடியாததைப் பற்றிப் பேசினேன். நாத்தனார் உள்ளே போய்க் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். களவு நடந்த திகதிக்கு நேரே ஆஸ்பத்திரி முத்திரை தெளிவாக இருந்தது.

“இதக் கேக்கத்தானே அண்ணி வாறீங்க? பத்து மாசமா வந்து டீயக் குடிச்சிட்டு, மழையப் பத்தி பேசிட்டுப் போறீங்க.”

“ஒங்க அண்ணன் கேக்கக்கூடாதுன்னு சொன்னாரு.”

“அவரு சொல்லுவாரு. நீங்க கேட்டாக் குடுப்போம்னு நாங்க இருந்தோம். நீங்க கேக்கல. படிச்சவங்க, வேற ஏதும் வழி வச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்.”

அவருடைய கணவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “நானா வந்து சொல்லியிருக்கணும் தங்கச்சி. பயந்துட்டேன். நீங்க கேக்காதது எனக்கு வசதியாப் போச்சு.”

நான் என் தாளில் அவர்களுடைய பேர்களை எழுதியிருந்தேன். அவர்களிடம் கேட்டுப் பார்க்கவில்லை. பாதிக்கப்படுவோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அலுவலகத்தில் நானே மற்றவர்களுக்கு நடத்தும் பயிற்சியின் முதல் பாடம்.

நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கொப்பியைக் கொடுத்தார். நீதவான் அதையும் செக்ரோலின் பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு தங்கையின் கணவரைக் கூப்பிட்டு, ஒரே காலையில் அவர் எப்படி ஆஸ்பத்திரியிலும் மரத்தடியிலும் இருந்தார் என்று கேட்டார். அவர் ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் மரத்தை வெட்டியது யார்? மச்சான் என்று என் கணவரைக் காட்டினார். பதிவில் ஏன் அப்படி இல்லை? பதிவில் எப்போதும் அப்படி இருக்காது என்றார். கங்காணியும் வந்து அதையே சொன்னார். அன்று காலையில் என் கணவரைத் தன் கண்ணால் பார்த்ததையும், பால் வாளியை அவர் கையிலிருந்து வாங்கியதையும் சொன்னார். கங்காணி வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று பிறகு கேட்டேன். யாரும் கூப்பிடாததால்தான் இத்தனை நாள் வரவில்லை என்றார்.

நீதவான் பொலிஸாரைப் பார்த்து, இந்த ஆஸ்பத்திரி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில்தான் என்றார்கள். பதினோராவது மாத முடிவில் என் கணவர் வெளியே வந்தார்.

லயத்துக்கு வந்து குளித்துவிட்டு, நேரே தங்கை வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, “அவங்க கோவிக்கல” என்றார். “எனக்குத்தான் கோவமா இருக்கு.” யார்மேல் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு அவராகவே சொன்னார்: “நான் சொல்லாதன்னு சொன்னேன் சரி. நீ ஏன் அதக் கேட்டு நடந்த?”



என் தாளின் மறுபக்கத்தில் எழுதியவை பாதி நடந்தன. கங்காணியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தங்கையின் கணவருக்கு விசாரணை வைத்தார்கள். அவருக்காகப் பேச நானும் தொழிற்சங்கத் தலைவரும் போனோம். பதிவில் பேர் தங்கியது, காம்புரா தங்கியது. பால் வெட்டும் வேலை போய்ப் புல் வெட்டும் வேலை வந்தது. முதுகுக்கு அது இன்னும் கஷ்டம். ஒருவருக்காக ஒருவர் நிற்பது தண்டனைக்குரியது என்று காலையில் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் மூன்று மொழியிலும் வந்த முதல் அறிவித்தல் அது. நோயாளிக்குப் பதில் ஆள் நிற்பதை எழுத்தில் அனுமதிக்கும்படி நான் நிர்வாகத்துக்குக் கொடுத்த கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கும் பெண்கள் என்னிடம் நலம் விசாரிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமைகளில் இப்போதும் சிறை வாசலுக்குப் போகிறேன். உள்ளே பார்க்க எனக்கு யாரும் இல்லாததால் சோறு கொண்டுபோவதில்லை. போன மாதம் தெஹியோவிட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். புருஷன் ஒரு சண்டை வழக்கில் உள்ளே போய் ஒன்பது நாள். சண்டை நடந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்பது தன் அக்காவுக்குத் தெரியும், ஆனால் சொன்னால் அக்கா வீட்டில் பெரிய பிரச்சினை வரும் என்றாள். எல்லாரையும் யோசித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் செய்யலாமா மிஸ் என்று கேட்டாள்.

“அக்காகிட்ட கேட்டீங்களா?”

“இல்ல மிஸ். எப்படிக் கேக்குறது?”

பக்கத்தில் இருந்த சிமெந்துத் திட்டில் அவளை உட்கார வைத்து, அக்கா எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று கேட்டேன். அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. அவளோடு நானும் ஏறினேன்.