கையெழுத்துப் போட ஆள் இல்லாத பிள்ளைகள்

பள்ளிக்கூடத்து நர்ஸ் வேலையில் காய்ச்சலைக் கண்டுபிடிப்பது சுலபம். அதைச் சொல்ல வீட்டில் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பிள்ளைகளின் மாத்திரைகளோடும் சர்டிபிகேட்டுகளோடும் மல்லுக்கட்டிய டீச்சர்களே, வார்டன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். பெங்களூரில் புதுப்புதுக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. குவைத்தில் வீட்டு வேலைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் பக்கத்து அப்பா அம்மாக்கள் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். போகும்போது டிரங்குப் பெட்டியை வார்டனிடமும் நோயை என்னிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

காணிப்பாக்கம் காய்ச்சல்

ஒரு பையனைக் காணிப்பாக்கத்துக்கு மொட்டை போடக் கூட்டிப்போக அவன் நைனா வந்தார். பரீட்சை சமயம். உடம்பு சரியில்லை என்று என் சீட்டு இருந்தால்தான் லீவு என்றார் ஹெட்மாஸ்டர். பையனோ வாசலில் குதித்துக்கொண்டு நிற்கிறான். சாமி காரியத்துக்கு நான் பொய் எழுதுவதா என்று கேட்டேன். போன வருஷம் டைபாய்டில் பிள்ளை கிடந்தபோது வேண்டிக்கொண்ட மொட்டை அது என்று விளக்கிவிட்டு, அவர் கும்பிட்டபடி சொன்னார்: "காச்சல் பொய்யில்ல சிஸ்டர், தேதிதான் தப்பு."

வேப்பிலை

பிச்சாட்டூர் பக்கத்து விஜயா நாலாம் வகுப்பு. அவளுக்கு அம்மை போட்டது. ஒட்டிக்கொள்ளும் நோய், வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தோடு பள்ளிக்கூடத்து ஜீப்பில் நானே கூட்டிப்போனேன். காய்ச்சலிலும் வழியெல்லாம் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

வீடு பூட்டியிருந்தது. "மேஸ்திரி கூட பெங்களூரு போய்ட்டாங்க. ஆட்டைக்கூட வித்துட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பெங்களூரில் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மை என்று கேட்டதும் ஓடிப்போய் ஒரு வேப்பிலைக் கொத்தை ஒடித்து வந்து அந்தப் பூட்டிய கதவில் செருகினாள். அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. இவளை வைத்துக்கொள் என்று எப்படிக் கேட்பது?

திரும்பவும் ஜீப் ஏறினோம். சிக்ரூமிலேயே படுக்க வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் விஜயா கேட்டாள்: "அம்மா வந்து வேப்பிலையைப் பாத்துட்டு, வேற யாருக்கோ அம்மைன்னு நெனச்சிக்கினா?"

பேர் சொல்லாத மாத்திரை

நகரியில் பவர்லூம் ஓட்டும் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க மகள் சுமதியைக் கூட்டிவந்தார். அவளுக்கு வலிப்பு உண்டு. ஹெல்த் கார்டில் அதை எழுதப்போனேன். அவர் என் பேனாவின் மேலேயே கையை வைத்துவிட்டார். "பொண்ணு சிஸ்டர். நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும். தலைசுத்தல்னு போடுங்க." தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக விடக்கூடாது, வார்டனுக்காவது தெரிய வேண்டும் என்று வாதாடினேன். வார்டனுக்கு மட்டும் சொல்லலாம், காகிதத்தில் வேண்டாம் என்பதோடு நின்றுவிட்டார்.

காலையும் மாலையும் அவளுக்கு நான் கொடுத்ததைத் தோழிகள் 'சத்து மாத்திரை' என்றே நினைத்தார்கள். ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. நன்றாகப் படித்தாள், என்னைப்போல நர்ஸாக வேண்டும் என்பாள்.

கோடை லீவில் அவள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். வீடு நிறைய உறவுக்காரர்கள். யாராவது பார்த்துக் கேட்பார்களோ என்று அவள் அம்மா மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண்டபத்தில், எல்லாரும் பார்க்கச் சுமதி விழுந்தாள். பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. அப்பா மட்டும் டி.சி. வாங்க வந்தார். மாத்திரையையாவது நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என் மேஜைமேல் இருந்த அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்: "இப்பதான் ஊருக்கே தெரிஞ்சிபோச்சே. இனிமே எழுதிக்கங்க சிஸ்டர்."

அம்மா போட்ட ஊசி

வெதுருகுப்பம் முரளி ஐந்தாம் வகுப்பில் வந்தான். சின்ன வயசிலேயே சர்க்கரை. சமையலறை பிரிட்ஜில் பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் அவன் இன்சுலின் பாட்டில் இருக்கும். அப்பா இல்லை, அம்மா ராணி குவைத்தில் வீட்டு வேலை. அவள் போன் பண்ணும்போதெல்லாம், "ஊசி வலிக்குதாடா? இன்னா துன்ன?" என்ற இரண்டு கேள்விதான். அவன் "இல்ல", "சோறு" என்று பதில் சொல்வான்.

ஒருமுறை சர்க்கரை ஏறி மயங்கிவிட்டான். திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அட்மிஷன் காகிதத்தை நீட்டி, "மீரு ஏமவுதாரு?" என்றார் குமாஸ்தா. என்ன உறவு என்று கேட்கிறார். பெரியம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான். குவைத்துக்கு எத்தனை தடவை போன் போட்டும் அந்த வீட்டு முதலாளியம்மாதான் எடுத்தாள். ராணியைக் கூப்பிடவே இல்லை.

சேதி எப்படியோ எட்டி, கணக்கு முடித்துக்கொண்டு ராணி வந்தே விட்டாள். இனி மகனைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சிக்ரூமில் உட்காரவைத்து ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். அவள் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு மருந்தின் அளவையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதற்குள் முரளி சிரிஞ்சை வாங்கி, சட்டையைத் தூக்கி, தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டு விளையாட ஓடிவிட்டான். நான் போடுவதைப் பார்த்துப் பார்த்தே அவன் கற்றுக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. ராணி காலிக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சிஸ்டர், நீங்க சொன்னா கேப்பான். ஒரே ஒரு வாட்டி என் கையால போட்டுக்கச் சொல்லுங்க."

மொத்தத்தில், அந்த வேலையில் நான் அதிகமாகப் பார்த்த நோய் வயிற்றுவலிதான். பெற்றோர் பஸ் ஏறிய மறுநாள் அது வரும், அவர்கள் வந்து இறங்கினால் போய்விடும், நடுவில் நான் கொடுத்ததற்கெல்லாம் பேர் மட்டும் மருந்து.