பதினொன்றாம் எண்ணுக்கு எதிரே

என் குறிப்பேடுகளில் முப்பத்தொன்றாவது, பச்சை அட்டை போட்டது. சட்டைப் பையில் அடங்கிவிடும். அதன் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மூன்று பத்திகள் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். முதலாவதில் வண்டியின் எண், அடுத்ததில் வந்ததற்கு அடையாளமாக ஒரு டிக், மூன்றாவதில் வந்த நேரம். எண்களை மட்டும் ஒன்று முதல் இருபத்தாறு வரை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். பத்துக்கு எதிரே டிக் இருக்கிறது, 10.40 என்று நேரம் இருக்கிறது. பன்னிரண்டுக்கு எதிரே டிக், 10.44. நடுவில் பதினொன்றுக்கு எதிரே டிக் மட்டும் இருக்கிறது. நேரம் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை. திறக்காமலே அதில் இருப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். டிக் இருப்பது தெரியும். நேரம் இல்லாதது போன மாதம் திறந்தபோதுதான் தெரிந்தது.

துவாஸில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். குழாய்களுக்கான வால்வுகள் செய்கிறோம். டிக் போடாத பெட்டி எங்கள் வாசலைத் தாண்டாது. நேரம் எழுதாத டிக்கை நாங்கள் டிக்காகவே எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு காட்டுச் சாலை ஓரத்தில் நின்றுகொண்டு, நேரமில்லாத ஒரு டிக்கைக் காட்டி, "போய்விட்டது" என்று எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பயணத்தில் நாங்கள் மூன்று பேர். பாய் என் பள்ளித் தோழன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அவனுடைய தாத்தா காலத்திலிருந்து இருக்கும் பயணப்பெட்டிக் கடையை நடத்துகிறான். அவன் கடையில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. ஊருக்குப் போகிறவர் ஒருவர் வந்து, "இந்தப் பெட்டி முப்பது கிலோ தாங்குமா பாய்?" என்பார். "தாங்கும்லா" என்பான். "சக்கரம் உடையாதுல்ல?" "உடையவே உடையாது." அவர் போனதும் நான் கேட்டிருக்கிறேன், "முப்பது கிலோ வச்சுப் பார்த்தியா நீ?" அதற்கு அவன், "மனுசன் ஊருக்குப் போறாருடா. பயத்தோடயா அனுப்பறது?" என்பான். இன்னொருவர் பேருந்து ஓட்டுநர், எங்களைவிட ஐந்து வயது மூத்தவர். அவரை நாங்கள் கேப்டன் என்போம். காட்டுக்குள் மண்பாதையில் ஓடும் ரேலி கார்ப் பந்தயத்தின் மீது அவருக்குப் பித்து. நகரத்தில் வேலி கட்டி விளக்குப் போட்டு நடத்தும் பந்தயத்துக்கு நான் ஒருமுறை கூப்பிட்டபோது, "வழவழன்னு ரோடு, பக்கத்துல வேற யாரும் குறுக்க வரமாட்டான். அதுல நான் டபுள் டெக்கரையே ஓட்டுவேன்லா. மண்ணுல ஓட்டறவனை வந்து பாருங்கடா" என்றார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் தேக்கா சந்தையில் பரோட்டாவையும் பையில் கட்டிய தேநீரையும் வாங்கிக்கொண்டு, கேப்டனின் காரில் எல்லை தாண்டி ஜொகூருக்குப் புறப்பட்டோம்.

உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நின்றோம். நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து பாய், "கேப்டன், இவன் நம்ம கொட்டாவியைக்கூட நேரம் போட்டு எழுதறான்" என்றான். "எழுதட்டும்டா. நாளைக்கு இமிகிரேஷன்ல ஏன் லேட்டுன்னு கேட்டா காட்டலாம்" என்றார் கேப்டன். அன்றிரவு ஒரு சிற்றூர் விடுதியில் தங்கி, ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காட்டுக்குள் போனோம். ஒருபக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் பெருங்காடு, நடுவே லாரிகள் போய்ப் பள்ளம் விழுந்த செம்மண் சாலை. பாதை சரிவில் இறங்கி வந்து வலப்பக்கம் திரும்பும் இடத்தில், நாடா கட்டியிருந்த மேட்டின் மேல் நின்றுகொண்டோம்.

ரேலி பார்ப்பது என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. முதலில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்கும். அது உறுமலாகும். சாலைக் காவலுக்கு நின்றவர் ஊதல் ஊதுவார். வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு வந்து, கல்லை வாரி இறைத்துவிட்டு மறைந்துவிடும். கண்ணில் படுவது நான்கு விநாடி. பிறகு தூசி. அந்தக் காலையில் காற்றே இல்லை; ஒரு வண்டியின் தூசி அடங்குவதற்குள் அடுத்த வண்டியின் ஊதல் கேட்கும். எண்ணைப் படிப்பதே பெரும்பாடு. நான் படித்தேன், டிக் போட்டேன், நேரம் எழுதினேன். காவலுக்கு நின்றவர் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ஏழாவது வண்டி போனதும் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். தன் தாளில் விட்டுப்போயிருந்த ஓர் எண்ணை என் பக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாய் என் முதுகில் தட்டி, "துவாஸ் ஆபீசர்னா சும்மாவா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் அன்று மாலை எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தாவது வண்டிக்குப் பிறகு ஒரு கும்பல் நாடாவைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிட்டது. காவலர் அவர்களை விரட்டக் கீழே ஓடினார். பிறகு பன்னிரண்டு வந்தது, பதின்மூன்று வந்தது, பதினாறுவரை வந்தன. அப்போது காவலர் கையில் வானொலிக் கருவியோடு மேட்டின் மேல் ஏறி என்னிடம்தான் வந்தார். பதினொன்று முடிவிடத்துக்கு வந்து சேரவில்லையாம். அவர் தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. "பதினொன்று இங்கே தாண்டியதா?" என்று மலாயில் கேட்டார். நான் குறிப்பேட்டைத் திருப்பி, டிக்கின் மேல் விரலை வைத்துக் காட்டி, "போய்விட்டது" என்றேன். அவர் பாயைப் பார்த்தார். "ஆமாம், நானும் பார்த்தேன்" என்றான் பாய். வண்டி எங்களைத் தாண்டிவிட்டது என்று காவலர் வானொலியில் சொன்னார். தேடுகிறவர்கள் எங்களுக்கு அந்தப் பக்கம், முடிவிடத்தை நோக்கித் தேடினார்கள்.

வண்டி எங்களுக்கு இந்தப் பக்கம், எங்களை எட்டாமலே கிடந்தது. நாங்கள் நின்ற மேட்டிலிருந்து நானூறு மீட்டர்கூட இல்லை. சரிவின் தலைப்பில் சாலையை விட்டு விலகி, செம்பனைகளுக்கு நடுவே இருந்த ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்திருந்தது. பின்னால் வந்தவர்களுக்குத் தூசியில் தெரியவில்லை. எல்லா வண்டிகளும் போன பிறகு வந்த கடைசிச் சோதனை வண்டிதான் சக்கரத் தடத்தைப் பார்த்து நின்றது. நான் விரல் வைத்துக் காட்டியதிலிருந்து அதுவரை இருபத்தைந்து நிமிடம். வண்டியிலிருந்து வெளியே எடுத்ததும் ஓட்டியவர் தானாகவே நடந்து வந்தார். பக்கத்தில் அமர்ந்து வழி சொல்பவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே துணி போட்டு மூடியிருந்தது. அவர் கையில் ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு வளைவையும் வரிசையாக எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு. யார் கேட்டும் அவர் அதை விடவில்லை. எங்களைத் தாண்டிப் போகும்போது காவலர் என்னைப் பார்த்து, "தூசி அதிகம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஆறுதல் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

திரும்பும் வழியில் கேப்டன், "ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்கல்ல, விடுங்கடா" என்றார். அந்த வழிகாட்டி பல மாதம் மருத்துவமனையில் இருந்து, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார் என்று கேப்டன் பிறகு கேட்டறிந்து சொன்னார். இருபத்தைந்து நிமிடம் முன்னால் எடுத்திருந்தால் கோல் இல்லாமல் நடப்பாரா? யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ரேலி பார்க்க நாங்கள் மறுபடி போகவும் இல்லை. கேப்டன் ஒவ்வோர் ஆண்டும் கூப்பிடுவார். நான் ஏதாவது காரணம் சொல்வேன். நான் போகாததால் பாயும் போகமாட்டான்.

விசித்திரம் என்னவென்றால், பதினொன்றாம் எண் வண்டி என்னைத் தாண்டிப் போனது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வெள்ளை வண்டி, கதவில் கறுப்பு எழுத்து. அது வரவில்லை என்று தெரிந்த பிறகும் அந்த நினைவு அழியவில்லை. போன மாதம் கேப்டன் மறுபடி செய்தி அனுப்பினார்: "இந்த வருஷம் கடைசி. முட்டி போச்சு. மூணு பேரும் போலாம்." அதனால்தான் பக்கத்தைத் திறந்தேன். நேரம் இல்லாததைப் பார்த்த பிறகு பந்தய நாள் மாலை எழுதிய நாட்குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். "10.42. அட்டைப்பூச்சி. இடது கணுக்கால். கேப்டன் கொய்யாவுக்கு வைத்திருந்த உப்புப் பொடியைத் தூவினார்" என்று இருக்கிறது. பதினொன்று வந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். இரண்டு கையாலும் காலுறையைக் கழற்றிக்கொண்டு நின்றவனின் குறிப்பேடு அப்போது யார் கையில் இருந்தது? அக்குளில் இடுக்கிக்கொண்டேனா, பாயிடம் கொடுத்தேனா? அட்டையை எழுதியவன் இதை எழுதவில்லை. அப்படியானால் அந்த டிக் யாருடையது?

பக்கத்தைத் திறந்த மறுநாள் ஞாயிறு, பாயின் கடைக்குப் போனேன். அடுக்கியிருந்த பெட்டி ஒன்றின் மேல் பக்கத்தை விரித்து வைத்து, "இந்த டிக்கைப் பாரு" என்றேன். அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு விநாடிகூடப் பார்த்திருக்கமாட்டான்.

"நான்தான் போட்டேன்."

"நீயா?"

"நீ அட்டையைப் பார்த்துட்டு டான்ஸ் ஆடிக்கிட்டிருந்த. நோட்டை என் கையில திணிச்ச. மேல சத்தம் கேட்டுச்சு, தூசி வந்துச்சு, போட்டேன்."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேடா." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுக்காகவா ஒன்பது வருஷமா வரமாட்டேன்னு சொல்ற?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மலைக்கு மேல் சத்தம் கேட்டிருக்கும். வண்டி சரிவின் தலைப்புவரை வந்ததே. தூசியும் வந்திருக்கும். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அவன் அதைச் சொன்ன வேகம் எனக்குப் பழக்கமான வேகம். முப்பது கிலோ தாங்குமா என்று கேட்பவருக்குச் சொல்லும் வேகம். காவலரிடம் "நானும் பார்த்தேன்" என்றதும் அதே வேகத்தில்தான்.

என் முகத்தைப் பார்த்திருப்பான். கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து, என் அனுமதியைக்கூடக் கேட்காமல், பக்கத்தின் ஓரத்தில் ஒரு டிக் போட்டான். "பாரு. ஒரே மாதிரி இல்ல?"

குனிந்து பார்த்தேன். பாயின் டிக் அடியில் வளைந்து, தோணி போல் இருந்தது. பத்தியில் இருந்தது கூராக இறங்கி நீளமாக ஏறியது, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் எதிரே இருந்தவற்றைப் போல. ஒன்பது ஆண்டில் கையெழுத்து மாறும். குனிந்து நின்று போட்டது வேறு, உட்கார்ந்து போட்டது வேறு. பென்சில் வேறு, பேனா வேறு. இருந்தாலும் பார்த்துச் சொல்வதுதானே என் வேலை.

"ஆமா" என்றேன். "ஒரே மாதிரிதான்."

"அப்புறம் என்ன? கேப்டன்கிட்ட வர்றோம்னு சொல்லிடறேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் வாசலுக்குப் போனான். அங்கே ஒருவர் பெரிய நீலப் பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனுக்காக அப்படிச் சொன்னேனா, பாரத்தை அவன் தலையில் இறக்கிவிட்டு நான் தப்பிக்கச் சொன்னேனா? அவனும் என்னைப் போலவே ஒன்பது ஆண்டுகளாக அந்த டிக்கைச் சுமந்திருக்கிறானா, அல்லது அந்த ஒரு விநாடியில்தான் எடுத்துத் தூக்கிக்கொண்டானா? அன்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். "பாய் கடை. 4.10" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. பச்சைக் குறிப்பேட்டை மறுபடி திறந்து வைத்துக்கொண்டேன். ஓரத்தில் நீல மையில் தோணி போல ஒரு டிக், பத்தியில் பென்சிலில் கூராக ஒன்று. பதினொன்றுக்கு எதிரே நேரம் எழுத வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தேக்காவில் சந்திக்கிறோம்.