பத்து மூடிகளின் எடை

பாட்டில் மூடித் தொழிற்சாலையின் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. எல்லோருக்கும் அவர் தராசக்கா. மூடிகளை எண்ணாமலே எண்ணுவதுதான் வேலை. பத்து மூடிகளை நிறுத்து, ஒன்றின் சராசரி எடையைத் தராசில் பதித்துவிட்டால், பெட்டியை ஏற்றியதும் உள்ளே எத்தனை என்று அதுவே காட்டிவிடும். தராசு சொன்னதை அவர் என்றும் மறுத்ததில்லை. கணவர் சொன்னதை ஏற்றதில்லை.

திடீரென்று வாங்குபவர்களிடமிருந்து புகார்: பெட்டிதோறும் மூடி குறைகிறது. பெட்டி ஒட்டுபவன் தராசக்காவின் கொழுந்தன்; சந்தேகம் அவன் மேல் விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள விஷயம் தெரியலன்னா அவன் வீட்டுக்குப் போகட்டும்," என்றார் மேலாளர்.

தராசக்கா ஒரு பெட்டியை நிறுத்தார். சரியாக இருந்தது. கொட்டி எண்ணினார். குறைந்தது. மறுபடி நிறுத்தார், சரி. மறுபடி எண்ணினார், குறை. கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

"மூடிய எடுத்துட்டு எடைய மட்டும் விட்டுட்டுப் போற திருடன் உண்டாடா?"

"அந்த வித்தை தெரிஞ்சா நான் ஏன் அண்ணி இங்க டேப் ஒட்டிட்டு இருக்கேன்?"

மூடி வார்க்கும் அச்சைக் கவனிக்கும் அச்சுக்காரர் எட்டிப் பார்த்தார். "மூடி இப்பல்லாம் தடிமனாத்தான்க்கா விழுது. அச்சு தேஞ்சுபோச்சு."

"தேஞ்சா எடை குறையணும்ல?"

"அச்சுல பள்ளம் தேஞ்சா அகலமாகும். மூடி பெருக்கும்."

"தினமும் காலையில பத்து மூடிய நிறுக்கிறேனே, தெரியாமலா போகும்?"

"எந்தப் பத்து?"

தராசக்கா ஒரு டப்பாவைக் காட்டினார். அச்சு புதிதாக வந்த அன்று விழுந்த, பிசிறில்லாத பத்து மூடிகள். தினமும் அவற்றையேதான் நிறுப்பார். தினமும் ஒரே எடை வரும். தரம் இம்மி பிசகவில்லை என்று மேலாளரும் மகிழ்ந்து கையெழுத்துப் போடுவார்.

அன்று விழுந்த மூடிகளில் பத்தை அள்ளி நிறுத்தார்கள். எடை கூடியிருந்தது. அதைப் பதித்ததும், தராசு காட்டிய எண்ணிக்கையும் கையால் எண்ணியதும் ஒத்துப்போயின.

"அப்ப யாரும் எடுக்கலையா?" என்ற மேலாளரின் குரலில் லேசான ஏமாற்றம். "சரி, அவன் வேலையப் பாக்கட்டும்."

கொழுந்தன் டேப்பை எடுத்தான்; ஒட்டவில்லை.

"அண்ணி, நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

தராசக்காவுக்குப் பொய் வராது. "எண்ணும்போது பட்டேன். நிறுக்கும்போது படல."

"கடைசியா என்ன பண்ணீங்க? எண்ணினீங்களா, நிறுத்தீங்களா?"

எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. அவன் டேப்பின் நுனியை நகத்தால் தேடியபடி பதிலுக்குக் காத்திருந்தான்.