நாலடி தூரத்துக்கு ஒரு கோப்பு

ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். பொழுது விடிந்தால் ரோஜாப்பூவும் பெருமாளும் வந்து குவிகிறார்கள். முந்தாநாள் ஒருவர், "உடம்பு எப்படி?" என்று கேட்டிருந்தார். நான் யோசித்து, கண்ணாடியைத் துடைத்து, நேற்று பதில் போட்டேன். அதற்குள் கேள்வி எழுபது ரோஜாவுக்கு அடியில் போய்விட்டது. "யாருக்கு இந்தப் பதில்?" என்று கேட்டார், கேள்வி கேட்டவரே.

என்ன செய்ய, எனக்குப் பதில் மறுநாள்தான் வரும். பிறவிக் குணம்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து எல்லைத் தகராறு சூடுபிடித்த நாட்களில், புத்தூர் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மறுநாள் பதில் சொல்பவனுக்கு ஏற்ற காலமா அது! டீக்கடையில் கால் வைத்தால் போதும். "இன்னாபா, திருத்தணி யாருக்கு? வாயத் தொறயேன்!" என்று சட்டையைப் பிடிப்பார்கள். சட்டையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதையே தெலுங்கில் கேட்க இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். நான் ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன். கிராமம் கிராமமாக யார் என்ன மொழி என்று பட்டியல் வேறு எடுத்தோம். நாராயணவனத்தில் ஒரு விவசாயி, "வூட்ல தமிழு, சந்தையில தெலுகு, மாட்டுக்கிட்ட ரெண்டும். இன்னான்னு எய்திக்கினு போவே?" என்றார். படிவத்தில் மாட்டுக்குக் கட்டம் இல்லை.

என் மேஜைக்கு எதிரே, நாலடி தள்ளி, முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சில் என்னைவிட மோசம். ஒருநாள் அவரிடமிருந்து வந்த கோப்பைத் திறந்தேன். கோந்து வாசனையோடு, குண்டூசி குத்திய துண்டுச்சீட்டு ஒன்று உள்ளே இருந்தது. "நேற்று டீக்கடையில் நீங்கள் பதில் சொல்லாதது எனக்குப் பிடித்தது" என்று தெலுங்கில் எழுதியிருந்தார். நான் தமிழில் பதில் எழுதி, அடுத்த கோப்பில் குத்தி அனுப்பினேன்.

எந்தக் கோப்பும் எதிர் மேஜைக்கு நேராகப் போகக் கூடாது என்பது சட்டம். ஹெட் கிளார்க் மேஜைக்குப் போய், பதிவாகி, மறுநாள் காலையில்தான் நாலடியைக் கடக்கும். எங்களுக்கென்றே போட்ட சட்டம்! ஹெட் கிளார்க் கோப்பைத் திறக்காமலே கையெழுத்துப் போடுவதில் மன்னன், ஆகவே ரகசியத்துக்கும் குறைவில்லை. சர்க்கார் தாமதத்தைத் திட்டாத இரண்டு பேர் அந்த ஜில்லாவில் இருந்தார்கள் என்றால் அது நாங்கள்தான். பெண்ணுக்கு வரன் அமையாத கவலையை அவரும், இரவில் வரும் பயங்களை நானும், நாளைக்கு ஒரு சீட்டு வீதம் நாலு வருஷம் எழுதினோம். நேரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம்.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராசுக்கு, நாங்கள் இருந்த இடம் ஆந்திராவுக்கு. மெட்ராஸ் பக்கம் போக விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். வீட்டில் என் நைனா, "மெட்ராசுன்னு எய்திக் குட்த்துட்டு வாடா. யோசிச்சிக்கினு குந்தாதே" என்று சொல்லிவிட்டார். எனக்கோ முனிரத்தினத்தை விட்டுப் போக மனமில்லை. புதன்கிழமை சீட்டு எழுதினேன்: "போகவா, இருக்கவா?" வியாழன் அது அவருக்குப் போயிற்று. அவர் ஏதோ எழுதி, குண்டூசி குத்தி, ஹெட் கிளார்க் மேஜையில் வைத்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஹெட் கிளார்க் வரவில்லை. தான் எந்தப் பக்கம் போவது என்று பெருமாளிடமே கேட்டுவரத் திருமலைக்குப் போய்விட்டார். கோப்புகள் அலமாரியில், சாவி அவர் இடுப்பில்.

மணி நாலரை. முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலடி தூரம். எழுந்து கேட்க வேண்டியதுதானே? வாயைத் திறந்தேன்.

"மழ வருமா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். "வரும்னுதான் தோணுது" என்றார்.

இரு என்று சொல்லவில்லையே, போகட்டும் என்றுதான் நினைக்கிறார் போலும் என்று முடிவு கட்டினேன். மெட்ராஸ் என்று எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை கோப்பு வந்தது. "போகாதீர்கள். எனக்குப் பேச வேறு யாரும் இல்லை" என்றிருந்தது சீட்டில்.

அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருத்தணிக்குப் போனேன். அப்புறம் இருபது வருஷம் தபால் கார்டு எழுதிக்கொண்டோம். அவர் பெண்ணின் கல்யாணம், என் நைனா காலமானது, அங்கே மழை, இங்கே மழை. அந்தச் சீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. குண்டூசி துருப்பிடித்து இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சம். எனக்குப் பதில் மறுநாள் வரும் என்றேன் அல்லவா, இதற்கு மட்டும் வரவேயில்லை. இன்றைக்கு எழுதிவிடலாம்தான். திறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்ப அந்த ஹெட் கிளார்க்கும் இல்லை, நாளைக் காலை வரை காத்திருக்க முனிரத்தினமும் இல்லை.