நான் போட்ட பதில் கடிதங்கள்

அகதியாய் வந்தவனுக்குக் கடிதம் என்றாலே பயம். ஒரு கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டு, வழக்கு மூடப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை கனடாவில், இந்த மொன்றியல் நகரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் எது வந்தாலும் மரியாதையாகப் பதில் எழுதி, பிரதி எடுத்து, துளை போட்டு பைலில் கோர்த்துவிடுவேன். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் இலவச மின்னஞ்சல் பெட்டி ஒன்று திறந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

முடி வளர மருந்து, எடை குறைய மாத்திரை என்று ஃபுளோரிடாவிலிருந்து ஒரு நிறுவனம் எழுதத் தொடங்கியது. நான் கேட்கவேயில்லை. என் தலையில் முடிக்கும் குறைவில்லை. "ஐயா, இவை எனக்குத் தேவையில்லை, நன்றி" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். மறுமுனையில் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தபின் விடுவானா? நாளுக்கு ஒன்று வந்தது முப்பதானது. அந்தக் காலத்தில் பெட்டியில் இடமும் கொஞ்சம்தான்.

அதே மாதம் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். நான் படித்த படிப்புக்கேற்ற வேலை. எட்டு வருடம் வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கியவன் அதற்காக எப்படிக் காத்திருப்பான்! நேர்முகத்துக்கு வரச்சொல்லி அவர்கள் அனுப்பிய அஞ்சல், பெட்டி நிரம்பிவிட்டதென்று அவர்களுக்கே திரும்பிப் போயிருக்கிறது. நான் போன் எடுத்து விசாரித்தபோது வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

கொதித்துப்போய், அந்த ஃபுளோரிடா நிறுவனத்தின் மேல் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். அங்கே வக்கீல் தேவையில்லை, நாங்களே பேசலாம். "அமெரிக்காக்காரனை இஞ்சை இருந்து என்னப்பா செய்யப்போறியள்?" என்றாள் மனைவி. வேலை போனது இங்கே, ஆகவே விசாரணையும் இங்கேதான் என்றேன். வந்ததும் நான் எழுதியதும் திகதி வாரியாக இருந்த பைலை அப்படியே ஆதாரமாகக் கொடுத்தேன்.

எதிர்த்தரப்பிலிருந்து ஆள் வரவில்லை, கடிதம்தான் வந்தது. ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருந்ததாம். இதற்குப் பதில் எழுதுபவர், எந்தப் பிணக்கையும் ஃபுளோரிடா நீதிமன்றத்திலேயே தீர்க்கச் சம்மதிக்கிறார் என்று. சம்மதத்துக்கு அத்தாட்சி என் பைல். நான் எழுதிய ஒவ்வொரு நன்றியும் என் கையெழுத்தாகிவிட்டது.

நீதிபதி அம்மா பொறுமையாகவே புரட்டிப் பார்த்தார். நட்டம் இங்கேதான் நடந்தது என்பதையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் நீங்களே சம்மதித்திருக்கிறீர்கள், எனக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை, அங்கே போய் வழக்குப் போடுங்கள் என்றார். எல்லை தாண்ட என்னிடம் அப்போது கடவுச்சீட்டே இல்லை.

இதே நகரத்தில்தான் என் அகதி வழக்கையும் விசாரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆமி எங்கள் வீட்டுக் கதவை எந்தப் பக்கத்தால் உடைத்தது என்று மூன்று மணித்தியாலம் குடைந்தார்கள். உலகத்தின் மறுகோடியில் நடந்ததை விசாரிக்க அதிகாரம் இருந்தவர்களுக்கு, என் குசினி மேசையில் இருந்த கணினிக்கு வந்து விழுந்ததை விசாரிக்க இல்லாமல் போய்விட்டது. நீதிமன்றத்திலிருந்து மெட்ரோவில் வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

தீர்ப்பின் பிரதி தபாலில் வந்தது. உறையைக்கூடக் கிழிக்காமல் குப்பையில் போட்டேன். முத்திரை குத்திய கடிதமொன்றை நான் எறிந்தது அதுதான் முதல் தடவை. மனைவி அதை எடுத்துத் துடைத்து, துளை போட்டு, நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்திருந்த அதே பைலில் கோர்த்தாள்.

"பேந்து ஆரும் கேட்டால் என்னத்தைக் காட்டுறது?" என்றாள்.

காட்டிய பைலே என்னைத் தோற்கடித்த பிறகும் கேட்கவேண்டியிருந்த அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறுவதில்லை.