சுபாஜினி மேலே ஏற்றிய மண்

கார்த்திகை மழை, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டத்தை ஒரே பகலில் கீழே ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மலை அசையவில்லை, பார்க்க வந்த அதிகாரிமாரும் அதைத்தான் சொன்னார்கள். மேல் மண் மட்டும் தோலை உரித்த மாதிரி வழிந்து போனது. போஞ்சிக் கொடி, லீக்ஸ், கோவா, ஊன்றி வைத்த கம்பு எல்லாம் சேற்றோடு சேறு. மேலே வெறுங்கல் பல்லிளித்தது.

அந்தத் துண்டு நிலம் என் வீட்டுக்காரரும் நானும் கொத்திக் கொத்திச் சரிசெய்தது. அவர் போன பிறகு எனக்குத் துணையாக இருந்ததே அதுதான். விடிந்தால் அங்கே போவேன், வெயில் ஏறினால் இறங்குவேன், வாரத்துக்கு ஒரு நாள் லுணுகலைச் சந்தைக்கு ஒரு மூட்டை கொண்டுபோவேன். செய்தி கேட்டதும் கொழும்பிலிருந்து என் மூத்தவன் ஜெயகுமார் போன் எடுத்தான்.

"அம்மா, தோட்டமும் போச்சு. இனி அங்க என்ன வச்சிருக்கீங்க? பொங்கலுக்கு வேன் கொண்டு வாறேன். உடுப்பக் கட்டி வைங்க."

"தோட்டம் எங்கடா போச்சு? கீழ ரோட்டுலதான் கெடக்கு."

"ரோட்டுல கெடக்குற மண்ணுலயா போஞ்சி நடப் போறீங்க?"

கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கும் அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தவள் நான். நல்ல பிள்ளைகள், நல்ல சாப்பாடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே என்னால் முடியாது. ஆனால் தோட்டமில்லாமல் இங்கே இருந்து யார் கையை எதிர்பார்த்துக்கொண்டு உட்காருவது?

பக்கத்தில் நின்ற என் சின்ன மருமகள் சுபாஜினி ரோட்டுக்கு இறங்கினாள். இளையவன் நிமலனின் மனைவி அவள். ஒரு பிடி சேற்றை எடுத்துக் கசக்கி, மூக்கில் வைத்துப் பார்த்தாள். அங்கிருந்தே கத்தினாள்.

"அத்தை, நல்ல மண்ணு! ஒன்னும் கெட்டுப் போகல. தூக்கிருவோம்."

"எங்க தூக்குற?"

"மேலதான். இருந்த எடத்துக்கு."

மண்ணைக் கீழே வாருவதைப் பார்த்திருக்கிறேன். மேலே ஏற்றுவதை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் இத்தாலிக்குப் போக வேண்டும்.

சுபாஜினி மடுல்சீமையில் பிறந்தவள். கல்யாணம் முடித்து எங்கள் லயத்துக்கு வந்து தேயிலைக் கொழுந்து எடுத்தாள். நிமலன் போன லொறி புரண்டு அவன் முதுகு அடிபட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்தவனைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். உழைக்க அவள்தான் போக வேண்டியிருந்தது. லுணுகலையில் தெரிந்த ஒரு சிங்கள அக்கா வழிகாட்ட, இத்தாலியில் எர்மீனியா என்ற கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். கிட்டத்தட்டப் பத்து வருஷம். நிமலன் இன்றைக்குத் தன் காலில் நடக்கிறான் என்றால் அது அவள் அங்கே நின்று உழைத்ததால்தான். அவளுக்கு நான் நேரில் நன்றி சொன்னதில்லை. மருமகளிடம் போய் யாரும் நன்றி என்று சொல்வதில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் லீவில் வந்தபோது, அது எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டேன். படம் காட்டினால் எனக்குப் பிடிபடாது என்று அவளுக்குத் தெரியும். சுளகில் அரிசியைக் கொட்டி, நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இதுதான் ஆறு, அத்தாங்குறது அதோட பேரு. இந்த ஊருக்கு சோந்திரியோன்னு பேரு. மாகாணம்னு சொல்லுவாங்க, நம்ம பதுளை மாவட்டம் மாதிரி வைங்களேன். ஆறு மேக்க போய் ஒரு பெரிய ஏரியில விழும்."

கோட்டுக்கு இரண்டு பக்கமும் அரிசியை மலையாகக் குவித்தாள். வடக்குக் கரை மலை தெற்கே பார்த்து நிற்பதால் அங்கே நாள் முழுக்க வெயில். மேலிருந்து கீழ் வரை திராட்சை. எதிர்க்கரையில் குளிர்காலத்தில் சூரியன் எட்டியே பார்க்காத ஊர்களும் உண்டு. அங்கே காடும் கஷ்கொட்டை மரமும்தான். எர்மீனியா வெயில் பக்கத்துக்காரி. செத்துப்போன புருஷன் நிழல் பக்கம். கோபம் வந்தால் அவருடைய போட்டோவைப் பார்த்து, "நிழல்ல மொளைச்சவனே" என்று திட்டுவாளாம்.

வடக்கு மலைக்கு அந்தப் பக்கம் சுவிஸ். முன்னொரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள்தான் முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டார்களாம். இங்கே பிழிந்த வைன் கழுதை முதுகில் மலையேறி அவர்களிடம் போகும். பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தான், ஒஸ்திரியாக்காரன் வந்தான், கடைசியில்தான் இத்தாலி. எங்களுக்கும் துரைமார் மாறி மாறி வந்தார்கள், கொழுந்து எடுக்கிறவள் மாறவில்லை என்று நான் சொன்னேன். "அதேதான் அத்தை. அவங்களும் பொழைப்புத் தேடிக் கப்பலேறுனவங்கதான். எர்மீனியாவோட அப்பா அவுஸ்திரேலியாக் காட்டுல மரம் வெட்டப் போனவரு. அதுனாலதான் என்னத் தங்களோட மேசையிலயே உக்கார வச்சு சோறு போடுறாங்க" என்றாள். முன்பின் தெரியாத அந்தக் கிழவி மேல் எனக்கு அன்றைக்கே ஒரு பாசம் விழுந்தது.

அங்கே கறுப்பு மாவைப் பிசைந்து பட்டையாக வெட்டி, கோவாவும் கிழங்கும் சீஸும் போட்டு ஒன்று செய்வார்களாம். சுபா எங்களுக்கு அதே மாதிரிக் கறுத்த குரக்கன் மாவில் செய்து தந்தாள். நன்றாகத்தான் இருந்தது. மிளகாய் போட்டிருக்கலாம்.

ஒருநாள் போனில் எர்மீனியாவின் முகத்தையே பார்த்தேன். எனக்கு அவள் பேச்சு விளங்காது, அவளுக்கு என் பேச்சு விளங்காது, நடுவில் சுபா. நான் கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக் காட்டினேன். அவள் கதவுக்குப் பின்னால் இருந்த தன் கூடையைக் கொண்டுவரச் சொன்னாள். அடி குறுகி, வாய் அகன்று, தோளில் மாட்ட இரண்டு வார் வைத்த கூடை.

"தலையில மாட்டுனா கழுத்து ஒடியாதான்னு கேக்குறாங்க, அத்தை."

"தோள்ல மாட்டுனா கொழுந்த எப்புடிப் பின்னால போடுறதாம்? கேளு."

"அவங்க கொழுந்து எடுக்கல அத்தை. மண்ணு தூக்குறாங்க."

"மண்ண எதுக்குத் தூக்குறா, பைத்தியக்காரி?"

இதை சுபா அவளுக்கு மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே கிழவிக்கு விளங்கிவிட்டது. பல்லில்லாத வாயால் சிரித்து, நீளமாக ஏதோ சொன்னாள்.

"அவங்க ஊரு மண்ணு பாதி நாள் மலையில இருக்குமாம், பாதி நாள் பொம்பளைங்க முதுகுல இருக்குமாம்."

அந்தச் சரிவில் கல்லை அடுக்கி, படிபடியாகச் சுவர் கட்டி, அதற்குள் மண்ணை நிரப்பித்தான் திராட்சை நட்டிருக்கிறார்கள். மழை மண்ணைக் கீழே இறக்கும். பெண்கள் திரும்ப மேலே ஏற்றுவார்கள். நூறு நூறு வருஷமாக இதே வேலை. பெருமழை என்றால் எர்மீனியாவுக்கு இன்னமும் பயமாம். சுபா குழந்தையாக இருந்த காலத்தில் அந்த மாகாணத்தின் மேல்கோடியில் ஒரு மலையே சரிந்து ஊர்களை மூடி ஆற்றை மறித்திருக்கிறது. கொஸ்லந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை அறிந்த எங்களுக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை.

எர்மீனியா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். சுபா வீட்டுக்கு வந்தாள்.

இப்போது ரோட்டு மண்ணுக்கு வருகிறேன். மறுநாளே சுபா இரண்டு பழைய கூடைகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நிமலனின் முதுகுக்குச் சுமை ஆகாது. நான் மண்வெட்டியால் வாரிப் போட்டேன், அவள் சுமந்து ஏறினாள். லயமே வாசலில் நின்று சிரித்தது. கல்கட்டு வேலை செய்து ஓய்ந்திருந்த தம்பையா அண்ணன் பீடியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இத்தாலியில இதத்தான் படிச்சியா?"

"ஆமாங்க மாமா. நீங்க கல்லக் கட்டுங்க, நான் மண்ணக் கொண்டாறேன்."

"கூலி?"

"தேத்தண்ணி."

"சீனி போட்டா?"

"டொக்டர் உங்களுக்கு சீனி வேணாம்னாரே மாமா."

முணுமுணுத்துக்கொண்டே கல் பொறுக்கத் தொடங்கினார். சிமெந்து போட்டுக் கட்டச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன்.

"தங்கச்சி, தண்ணி வெளிய போக வழி விடணும். சிமெந்து பூசுனா உள்ள முட்டிக்கிட்டு செவுத்தையே தள்ளிரும்."

"எர்மீனியாவும் இதயேதான் சொல்லுவாங்க, அத்தை."

"ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்களா?" என்றேன். என்னுடைய பேச்சு எடுபடவில்லை. சுபா முதலில் கயிற்றைத் தலையில்தான் மாட்டினாள். கொழுந்து வேறு, ஈர மண் வேறு, கழுத்து வீங்கிவிட்டது. சேலைத் துணியைக் கிழித்து வார் தைத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மண் பாதி கூட ஏறவில்லை, தேயிலைத் தோட்டத்து டிரக்டர் வந்துவிட்டது. கொழுந்து லொறி போக வழியில்லை, மண் முழுவதையும் பள்ளத்தில் தள்ளச் சொல்லி உத்தரவு. பள்ளத்தில் போனால் ஓடையோடு போய்விடும். அதற்கு மேல் எந்தக் கூடையாலும் ஆகாது. நான் மண் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க ஆச்சி, எனக்கு ஏச்சு விழும்" என்றான் டிரைவர் அஜந்தன்.

"என்னையும் சேத்துத் தள்ளு."

சுபா அவன் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, உங்களுக்கு ரோடு வேணும், எங்களுக்கு மண்ணு வேணும். பள்ளத்துப் பக்கம் தள்ளாம மலைப் பக்கம் ஓரமா ஒதுக்கிக் குடுத்தா ரெண்டு பேருக்கும் சரிதானே?"

அவன் என்னைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். ஒதுக்கிக் கொடுத்தான். இரண்டு தரம் முன்னே பின்னே போய், எங்கள் சரிவின் அடியில் அழகாகக் கூட்டிக் குவித்தே கொடுத்தான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

சிரித்தவர்களின் தோட்டங்களும்தான் வழிந்து கிடந்தன. டிரக்டர் போன அன்று மாலை கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள், அதே கூடையோடு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். "இன்னைக்கி உங்களுக்கு அக்கா, அடுத்தது எங்க பக்கம்" என்றார்கள். சுபா எல்லோருடைய கூடைக்கும் வார் தைத்துக் கொடுத்தாள். மார்கழியில் மறுபடி மழை கொட்டியபோது தம்பையா அண்ணன் குடையோடு போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். கல்லுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக ஒழுகி வந்தது. மண் வரவில்லை.

பொங்கலன்று ஜெயகுமார் வேனோடு வந்தான். வாசலில் நின்று மேலே பார்த்தான். மூன்று வரிசைக் கல்கட்டு, அதற்குள் கரும் மண்.

"வெறும் மண்ணுதானே இருக்கு" என்றான்.

சுபா ஒரு கூடையை நிரப்பி அவனிடம் நீட்டினாள். "கடைசிக் கூடை, அத்தான். நீங்களே கொண்டுபோய்க் கொட்டுங்க."

கொழும்புச் சப்பாத்தோடு ஏறினான். பாதி வழியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். மேலே போய்க் கொட்டிவிட்டு, மூச்சிரைக்கக் கல்கட்டின் மேல் உட்கார்ந்தான். வெகுநேரம் இறங்கவில்லை. நான் பக்கத்தில் போனேன். காலால் மண்ணை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, மொதல்ல என்ன நடப் போறீங்க?"

"போஞ்சி. விதையும் இல்ல, கம்பும் இல்ல."

எழுந்து வேன் சாவியை எடுத்தான். "சரி, ஏறுங்க."

ஏறினேன். விதை பார்த்து வாங்க அவனுக்குத் தெரியாது. லுணுகலைக்குப் போய், கம்புக் கட்டை வேன் கூரையில் கட்டிக்கொண்டு, பொங்கல் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டோம்.